மாலை ஷிப்டும் மஃரிபும்: பெங்களூர் வேலையில் தொழுகைக்கு எந்த வழி?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது சம்பளம். அடுத்தது தங்க இடம். மூன்றாவதாக, கொஞ்சம் தயங்கித்தான், "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவாங்களா பாய்?" என்று கேட்பார்கள். ரமலான் நோன்பு நெருங்க நெருங்க அந்தக் கேள்வி பெரிதாகிவிடும். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்து மணிக்குத்தான் வெளியே வரமுடியும் என்ற ஷிப்டில் போட்டுவிட்டால் நோன்பை எங்கே திறப்பது? லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது, சூரியன் மறைந்ததும் தொழ வேண்டிய மஃரிப் எப்படித் தொழுவது?

பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸானாலும் பீன்யா பட்டறையானாலும் நகரத்துக்கு வெளியே இருக்கும் பார்சல் கிடங்கானாலும், பிள்ளைகள் எடுக்கும் வழிகள் ஏறக்குறைய ஒன்றுதான். சூப்பர்வைசரிடம் தனியாகப் பேசிக்கொள்வது, ஷிப்டையோ பிரிவையோ மாற்றிக்கொள்வது, எல்லாருமாகச் சேர்ந்து இடைவேளை நேரத்தையே நகர்த்தக் கேட்பது, அந்த வேலையே வேண்டாமென்று ஷிவாஜிநகர் கடைக்கோ டெலிவரிக்கோ போய்விடுவது. பொறுமை போனால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஓரளவு ஆள்பலம் இருக்கும் இடத்தில், எல்லாருக்குமான இடைவேளையை நகர்த்தக் கேட்பதுதான் நிலைத்து நிற்கும். இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கும் இடத்தில் ஷிப்ட் மாற்றம். மற்றவை எல்லாம் அவசரத்துக்கு. இப்படிச் சொல்வதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நான் தொழப் போகும் அந்தப் பத்து நிமிடத்தின் சுமை யார் தலையில் விழுகிறது? பக்கத்து மெஷினில் நிற்கும் தர்மபுரிப் பையன் தலையிலா, எதிரே நிற்கும் ஒடிசாக்காரர் தலையிலா, நிர்வாகத்தின் மேலா, என் மேலேயேவா? சக தொழிலாளி தலையில் விழும் எந்த ஏற்பாடும் ஒரு நோன்பைத் தாண்டுவதை நான் பார்த்ததில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு நோன்பு முழுக்க செப்டம்பர் மாதத்தில் வந்தது. கொலராடோ மாநிலத்தின் கிரீலி, நெப்ராஸ்கா மாநிலத்தின் கிராண்ட் ஐலண்ட் ஆகிய ஊர்களில் ஒரே நிறுவனத்தின் பெரிய இறைச்சிக் கூடங்கள் இருந்தன. சோமாலியாவிலிருந்து அகதிகளாக வந்த முஸ்லிம்கள் அங்கே நூற்றுக்கணக்கில் வேலை பார்த்தார்கள். சூரியன் மறையும் நேரத்தில் நோன்பு திறந்து தொழ இடைவேளை வேண்டும் என்று கேட்டார்கள். கிரீலியில் பேச்சு முறிந்தது, வேலையை விட்டு வெளியே வந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் வேலை போனது.

கிராண்ட் ஐலண்டில் நடந்ததைத்தான் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே நிர்வாகம் முதலில் இறங்கி வந்தது, இரவுச் சாப்பாட்டு இடைவேளையை முன்னால் நகர்த்த ஒப்புக்கொண்டது. ஆனால் அதனால் ஷிப்டின் நேரமும் அதோடு தங்கள் மணிக்கூலியும் குறையும் என்று மற்ற தொழிலாளர்கள் கொதித்து எழுந்தார்கள். அவர்களிலும் மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறையப் பேர். நிர்வாகம் பின்வாங்கியது. உடனே முஸ்லிம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள், அவர்களிலும் பலர் வேலை இழந்தார்கள். ஊரைவிட்டு வந்து ஒரே லைனில் கத்தி பிடித்து நின்ற இரண்டு கூட்டம் ஒன்றையொன்று எதிரியாகப் பார்த்தது. நடுவில் இருந்தது பதினைந்து நிமிடக் கூலி. அந்தப் பதினைந்து நிமிடத்தை நிறுவனம் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். முதலில் சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் முதலாளி தொழுகைக்கு நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் மத உரிமை பெரும்பாலும் அரசைப் பார்த்துக் கேட்கும் உரிமை, அதை ஒரு கார்மென்ட்ஸ் எச்.ஆர். மேசையில் வைத்தால் பெரிதாக எதுவும் அசையாது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டமே தொழிலாளியின் மத வழக்கத்துக்கு இடம்கொடுக்கச் சொல்கிறது. ஆனால் 1977-இல் வந்த ஒரு தீர்ப்பு, சின்னச் செலவைக் காட்டியே முதலாளி மறுக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது. 2023-இல்தான், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்த ஒரு கிறிஸ்தவத் தபால் ஊழியரின் வழக்கில், மறுக்க வேண்டுமானால் பெரிய செலவைக் காட்ட வேண்டும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் மாற்றியது. அப்படி ஒரு பிடி நமக்கு இல்லாததால், வேலை நேரம், இடைவேளை, ஓ.டி. (கூடுதல் நேர வேலை), பண்டிகை விடுமுறை பற்றிய பொதுவான தொழிலாளர் சட்டங்களுக்குள்தான் நாம் இடம் தேட வேண்டும். தேடினால் இடம் இருக்கிறது.

முதல் விஷயம் இடைவேளை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு. இரண்டு மணிக்குத் தொடங்கும் மாலை ஷிப்டில் ஐந்து மணி நேரம் என்றால் இரவு ஏழு. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.20-க்கும் 6.30-க்கும் இடையே. ஆக, 6.20 முதல் 6.50 வரை சாப்பாட்டு இடைவேளை வைத்தால் சட்டமும் நிறைவேறுகிறது, நோன்பும் திறந்தாயிற்று, மஃரிபும் தொழுதாயிற்று. ஒரு நிமிடம்கூட உற்பத்தி குறையாது. ஏற்கெனவே கொடுத்தே ஆகவேண்டிய அரை மணி நேரத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி.

இன்னொரு வசதியும் நமக்கு இருக்கிறது. கிரீலி வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கும் ஊர். அங்கே செப்டம்பர் மாதத்துக்குள் மட்டும் சூரியன் மறையும் நேரம் முக்கால் மணி நேரம் போல நகர்ந்துவிடும், வாரத்துக்கு ஒருமுறை இடைவேளையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெங்களூரில் இந்தப் பருவத்து நோன்பு முழுவதும் பத்து நிமிடம் நகர்ந்தால் அதிகம். ஒரே நேரத்தை மாதம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். எச்.ஆர். ஆட்கள் "தினமும் நேரத்தை மாத்திட்டே இருக்க முடியாது" என்று சொல்லும்போது, இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் அந்தப் பேச்சு அடங்கும்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

சூப்பர்வைசரிடம் தனியாகப் பேசிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது. நல்ல மனிதராக இருந்தால் "போய்ட்டு சீக்கிரம் வா" என்பார். வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடமும் சொல்லி வைப்பார். நாளைக்கே பலன் தரும் வழி இது, குறை சொல்ல மனமில்லை. ஆனால் எழுத்தில் எதுவும் இருக்காது. அவர் மாற்றலாகிப் போனால் அந்த வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். டார்கெட் எட்டாத மாதத்தில் முதலில் பறிபோவதும் அதுதான். நீங்கள் போன பத்து நிமிடத்தில் உங்கள் மெஷினில் தேங்கிய பீஸைப் பக்கத்தில் இருப்பவர்தான் இழுத்துப் போட்டுச் செய்திருப்பார். அவருக்கு அதற்கு ஒரு பைசா கிடையாது. முதல் வாரம் சிரித்துக்கொண்டே செய்வார். மூன்றாவது வாரம் வேறு யாரிடமாவது முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பை மதவெறி என்று நம் பிள்ளைகள் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் அது உண்மைதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பெரும்பாலும் அது முதுகு வலி.

தனியாகத்தான் பேச முடியும் என்ற நிலை இருந்தால், குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் அழைத்துக்கொண்டு போய், மூன்று பேரும் சேர்ந்து பேசுங்கள். "நான் ஆறரைக்குப் போகிறேன், அண்ணன் ஏழு மணிக்கு டீக்குப் போவார், அப்போது அவர் மெஷினை நான் பார்த்துக்கொள்வேன்" என்று கொடுக்கல் வாங்கலாக இருக்கட்டும்.

ஷிப்ட் மாற்றத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று ஷிப்டும் மூன்று விதமாகத் தொழுகையைத் தொடுகின்றன. வந்த புதிதில் யாரும் இதை யோசித்துப் பார்ப்பதில்லை.

காலை ஆறு முதல் இரண்டு வரை உள்ள முதல் ஷிப்ட் நோன்புக்கு நல்லது. வெயில் ஏறும் பிற்பகலில் அறைக்கு வந்து ஒரு தூக்கம் போடலாம், அஸர் (பிற்பகல்), மஃரிப், இஷா (இரவு), தராவீஹ் (நோன்பு மாதத்துக்கான இரவுத் தொழுகை) எல்லாம் பள்ளிவாசலில் கிடைக்கும், நோன்புக் கஞ்சியும் கிடைக்கும். சிக்கல் இரண்டு. பிப்ரவரி மாதத்தில் அதிகாலைத் தொழுகையான சுபுஹு நேரம் ஐந்தரை மணி வாக்கில்தான் தொடங்கும். கம்பெனி பஸ் அதற்கு முன்பே வந்துவிட்டால், போய் இறங்கி ஆறு மணிக்குள் கேட்டுக்கு உள்ளே ஓர் ஓரமாகத் தொழ வேண்டியிருக்கும். இரண்டாவது சிக்கல் ஜும்ஆ. மதியத் தொழுகையான லுஹர் நேரம் பன்னிரண்டரை மணியை ஒட்டித் தொடங்குகிறது, இரண்டு மணி வரை ஆள் உள்ளே. இதற்கு நான் பார்த்ததில் எளிதாக ஒப்புக்கொள்ளப்படும் ஏற்பாடு, வெள்ளிக்கிழமை மட்டும் முக்கால் மணி நேரம் வெளியே போய்வந்து, ஷிப்ட் முடிந்து அதே முக்கால் மணி நேரம் கூடுதலாக நிற்பது. சுமை நம் மேலேயே விழுகிறது, யாரும் எதுவும் சொல்ல முடியாது. பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

மாலை ஷிப்டில் ஜும்ஆ ஒரு பிரச்சினையே இல்லை. பெங்களூரில் பள்ளிக்குப் பள்ளி ஜும்ஆ நேரம் வேறுபடும். சீக்கிரம் முடியும் பள்ளியைத் தெரிந்துவைத்துக்கொண்டு, தொழுதுவிட்டு நேரே பஸ் ஏறலாம். ஆனால் அஸர், மஃரிப், இஷா மூன்றும் வேலை நேரத்துக்குள் விழுகின்றன. அஸரில் மட்டும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபுகளுக்கும் (மார்க்கச் சட்ட வழிகளுக்கும்) அஸர் தொடங்கும் நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம் இருப்பதால், டீ இடைவேளை எந்த நேரத்தில் இருக்கிறது என்று பார்த்து உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் (இமாமிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். இஷாவுக்கு அவசரமில்லை, பத்து மணிக்கு வந்து தொழலாம். ஆக நெருக்கடி மஃரிபில்தான். அதனால்தான் அந்த இடைவேளையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

இரவு ஷிப்டை நோன்பு மாதத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஜும்ஆ கிடைக்கும், நோன்பு திறப்பது அறையில், சீக்கிரம் முடியும் பள்ளியாக இருந்தால் தராவீஹும் தொழுதுவிட்டு பத்து மணிக்குப் போகலாம், நோன்பு வைக்குமுன் சாப்பிடும் சஹர் கேன்டீனில், ஆறு மணிக்கு வெளியே வந்தால் சூரியன் உதிக்க இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஆனால் பகலில் தூங்க முடியாத அறைகளில்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டுப் பேர் தங்கும் அறையில் நான்கு பேர் பகலில் விழித்திருந்தால் தூக்கம் எங்கே வரும்? மெஷின் வேலை பார்ப்பவர் அரைத்தூக்கத்தில் நிற்பது கையைப் பணயம் வைப்பது. பார்சல் பிரிக்கும் வேலை, பேக்கிங் வேலை என்றால் சரி. பிரஸ், கட்டிங் என்றால் வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

பிரிவு மாற்றமும் இதைச் சேர்ந்ததுதான். அயர்னிங் பிரிவின் சூட்டில் தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் நிற்பது லேசானது அல்ல. நோன்பு மாதத்துக்கு மட்டும் செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ மாற்றக் கேட்கலாம். அங்கிருந்து அயர்னிங்குக்கு வருபவருக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துவிட்டுப் போங்கள். தீபாவளிக்கு முன்தின ஓ.டி.யை நான் எடுத்துக்கொள்கிறேன், கிறிஸ்துமஸ் இரவு நான் நிற்கிறேன் என்று சொல்ல நமக்கு முடியும். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தவராக இருந்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போக அவருக்கு இரண்டு நாள் தேவைப்படும். இந்த மாற்று ஏற்பாடுகள் எழுத்தில் இல்லாமலே வருடக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் லாபம்.

அடுத்தது கூட்டாகக் கேட்பது. நான் பரிந்துரைப்பது இதைத்தான் என்றாலும், எப்படிக் கேட்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "முஸ்லிம் தொழிலாளர்களுக்குத் தனி இடைவேளை" என்று கேட்டால் கிராண்ட் ஐலண்ட் நம் ஊரிலும் வரும். "மாலை ஷிப்டுக்குச் சாப்பாட்டு இடைவேளை 6.20-க்கு, 4.15-க்குப் பத்து நிமிட டீ, சம்பளத்தில் எந்தப் பிடித்தமும் இல்லை" என்று கேட்டால் அது எல்லாருடைய கோரிக்கை. நான்கே கால் மணிக்கு டீ கிடைக்கிறது என்றால் வேண்டாமென்று யார் சொல்வார்? அந்தப் பத்து நிமிடத்தில் அஸர் தொழுபவர் தொழட்டும், டீ குடிப்பவர் குடிக்கட்டும்.

நூறு பேருக்கு மேல் இருக்கும் தொழிற்சாலையில் நிர்வாகமும் தொழிலாளர்களும் சம அளவில் உட்காரும் பணிக்குழுவுக்கு 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலிருந்தே வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது தொடர்கிறது. இருபது பேர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. சங்கம் இருந்தால் சங்கம் வழியாகப் போங்கள். இல்லையென்றால் இந்தக் குழுக்கள் வழியாக. மனுவில் முதல் கையெழுத்து முஸ்லிம் அல்லாத ஒருவருடையதாக இருந்தால் நல்லது. அதற்காக முன்கூட்டியே அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், அவர்கள் கேட்கும் ஒன்றையும் அதே மனுவில் சேர்த்திருக்க வேண்டும்.

சங்கத்திடமும் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். 2015 டிசம்பரில் கொலராடோவின் ஃபோர்ட் மார்கனில் இருக்கும் கார்கில் இறைச்சிக் கூடத்தில், தொழுகை நேரத் தகராறில் வேலைக்கு வராமல் இருந்த 150 பேர் அளவில் நீக்கப்பட்டார்கள். 2018-இல் நிறுவனம் 15 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவர்களுக்காகச் சரியாகப் பேசவில்லை என்பதற்காக அங்கிருந்த தொழிற்சங்கமும் 1,53,000 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. சந்தா வாங்கும் சங்கத்துக்குச் சிறுபான்மை உறுப்பினருக்கும் கடமை உண்டு.

பண்டிகை விடுமுறையில் ஒரு எச்சரிக்கை. அதே 2008-இல் டென்னசியின் ஷெல்பிவில் ஊரில் டைசன் கோழி இறைச்சிக் கூடத்தில், தொழிலாளர் தின விடுமுறையை எடுத்துவிட்டு நோன்புப் பெருநாளை வைத்துச் சங்கமும் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டன. நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. கடைசியில் தொழிலாளர் தினத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த ஆண்டுக்கு மட்டும் பெருநாளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கர்நாடகத்தில் 1963-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஐந்தோடு இன்னும் ஐந்து பண்டிகை நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. எந்தப் பண்டிகைகள் என்பதைத் தொழிலாளர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அந்த ஐந்தில் பெருநாளைச் சேர்க்கக் கேளுங்கள். ஆனால் ஆயுத பூஜையை எடுத்துவிட்டுப் பெருநாள் வை என்று எந்தத் தொழிற்சாலையிலும் கேட்டுவிடாதீர்கள். மெஷினுக்குப் பொட்டு வைக்கும் அந்த ஒரு நாள் கூடவேலை செய்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஐந்தில் இடமில்லை என்றால், பிறை பார்த்த பிறகு முந்தின இரவு சொன்னாலும் ஏற்றுக்கொள்ளப்படும் ஒரு நாள் விடுப்பு, அதற்கு ஈடாக ஒரு ஞாயிறு வேலை, என்று கேட்பது நடக்கக்கூடியது.

வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வருவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். புதிய சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் சேரும். கான்ட்ராக்டர் வழியாக வந்த பிள்ளைக்கு இதெல்லாம்கூடத் தேவையில்லை, மறுநாள் கேட்டில் பெயர் இருக்காது.

இப்போது வேலையை மாற்றுவது. நம்மவர் கடையில் சேர்ந்தால் தொழுகைக்குப் பிரச்சினை இருக்காது என்று ஊரில் பெற்றோர் நினைக்கிறார்கள். ஷிவாஜிநகர், கமர்ஷியல் ஸ்ட்ரீட், சிக்பேட் துணிக்கடைகளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாங்கு சொன்னதும் முதலாளியே பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போவார், மற்ற பதினோரு மாதமும் நிம்மதி. ஆனால் நோன்பு மாதம்தான் அந்தக் கடைகளுக்குப் பெரிய சீசன். கடைசிப் பத்து நாளில் நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருக்கும். வருடத்தின் மிகச் சிறந்த இரவுகள் என்று நாம் நம்பும் அந்த இரவுகளில் பையன் துணி மடித்துக்கொண்டிருப்பான். "ஒரே மார்க்கம்தானே, அனுசரிச்சுப் போப்பா" என்ற வார்த்தை அங்கே வரும்போது எதிர்த்துப் பேசவும் முடியாது. மார்க்கத்தின் பெயரால் கூலியைக் குறைப்பதும் நேரத்தை நீட்டுவதும் எந்த முதலாளி செய்தாலும் தவறு, நம்மவர் செய்தால் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது. கர்நாடகக் கடைகள் சட்டம் 1961 ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு), இருபது பேர் இருந்தால் பி.எஃப். (சேமநிதி) உண்டு. வேலையில் சேரும் முன் இந்த இரண்டும் உண்டா என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடையில் இரண்டுமே இருக்காது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

டெலிவரியில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செயலியை அணைத்தால் தொழலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு ஆர்டர் குவியும் நேரமும் ஜும்ஆ நேரமும் ஒன்றுதான், அணைத்து வைத்த நேரத்துக்கு இன்சென்டிவ் போகும். அந்தச் சுமை முழுக்க உங்கள் மேல். வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டே நோன்பு வைப்பதும் இருக்கிறது. கர்நாடகத்தில் இந்தத் தொழிலாளர்களுக்கென்று 2025-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் கொடுக்கும் தொகையில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை நல நிதிக்கு நிறுவனங்கள் கட்ட வேண்டும், காரணமும் 14 நாள் அவகாசமும் சொல்லாமல் ஆளை நீக்கக் கூடாது என்கிறது. நல்ல தொடக்கம். ஆனாலும் மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் இருக்கும் தொழிற்சாலை வேலையை, இடைவேளையை ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டு இதற்கு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெங்களூர் கார்மென்ட்ஸில் பெரும்பாலோர் பெண்கள்தான். 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுக்கும் விதியை மாற்றியபோது சாலைக்கு வந்து மறித்து, மத்திய அரசைப் பின்வாங்க வைத்தவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று யாரும் பார்க்கவில்லை. பெண்களுக்கு ஜும்ஆ கடமை இல்லை என்பதால் அவர்கள் பிரச்சினையே இல்லாதவர்கள் போல நம் ஜமாஅத் கூட்டங்களில் பேசப்படுகிறது. சஹருக்கு எழுந்து சமைத்து, ஒன்பது மணிக்கு மெஷினில் உட்கார்ந்து, ஆறு மணிக்கு வெளியே வந்து, இருபது நிமிடத்தில் வீட்டில் எல்லாருக்கும் நோன்பு திறக்க ஏற்பாடு செய்ய வேண்டியவர் அவர். அவருக்குத் தேவைப்படுவது மாலை ஓ.டி. இல்லாத ஒரு மாதம். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓ.டி. வாங்கக் கூடாது என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது, சம்மதித்துச் செய்தால் இரட்டைச் சம்பளம். இதையும் அந்தப் பொது மனுவில் சேருங்கள். சிறு குழந்தை வைத்திருக்கும் எல்லாப் பெண்களும் கையெழுத்துப் போடுவார்கள். தலைத்துணி பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். 2022-இல் கர்நாடகத்தில் வந்த உத்தரவு கல்வி நிலையங்களின் சீருடையைப் பற்றியது, தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. மெஷினில் சிக்காதபடி இறுக்கமாகச் சொருகிக் கட்டச் சொன்னால் அது பாதுகாப்பு, அதைக் கேட்டு நடக்கத்தான் வேண்டும்.

எங்கே தொழுவது என்பதையும் மனுவிலேயே தீர்த்துவிடுங்கள். குருகிராமில் 2018-லும் 2021-லும் வெள்ளிக்கிழமைத் தொழுகையை வைத்து என்ன நடந்தது என்று பார்த்தோம். பள்ளி கிடைக்காத புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் திறந்த வெளியில் தொழுததை எதிர்த்துக் கூட்டம் கூடியது, அனுமதித்த இடங்கள் குறைந்துகொண்டே போயின. கம்பெனிக்குள் ஸ்டோர் ரூமோ பயிற்சி அறையோ மாலையில் சும்மா கிடக்கும். அதைக் கேளுங்கள். நடைபாதையிலும் அவசர வழியிலும் பாய் விரிக்க வேண்டாம். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்குத் தனிக் குழாய் கேட்பதைவிட, கை கழுவும் இடத்தில் தரையை ஈரமாக விடாமல் துடைத்துவிட்டு வருவது சண்டையைக் குறைக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் எழ முடியாத லைன் என்றால், ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பை உடனே திறந்துவிட்டு, தொழுகைக்கு இரண்டு பிரிவாகப் போகலாம். இஷா வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. துணி இருக்கும் இடத்தில் சாப்பாட்டுப் பொருள் கூடாது என்பார்கள், அதற்கு லைன் ஓரத்தில் ஒரு மேசை போதும்.

மனு எப்போது கொடுப்பது? நோன்பு தொடங்கியபின் கொடுத்தால் அவசரத்தில் இல்லை என்றே பதில் வரும். நோன்புக்கு இரண்டு மாதம் முந்திய ரஜப் மாதத்திலேயே கொடுத்துவிட்டால், அடுத்த மாதமான ஷஃபானுக்குள் ஷிப்ட் அட்டவணை மாறும். நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. 2030-இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று இரண்டு முறை தொடங்கும், அப்போது பெங்களூரில் சூரியன் ஆறு மணியை ஒட்டியே மறைந்துவிடும். அதனால் நிர்வாகம் ஒப்புக்கொண்டு எழுதித் தரும்போது 6.20 என்று மட்டும் எழுதாமல், "நோன்பு மாதத்தில் சூரியன் மறையும் நேரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை" என்று எழுதி வாங்குங்கள். அதன் ஒரு நகலை அறிவிப்புப் பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒட்டச் சொல்லுங்கள்.